ஒரு சாண் திரை

— “எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வருமாம்மா”ன்னு எங்க வீட்டுக்காரர் உன்கிட்ட கேட்டாரா இல்லையா? அதை மட்டும் சொல்லு.

— கேட்டாருக்கா. அது முந்தின வாரம்.

— எப்படிக் கேட்டாரு?

— எப்படின்னா… வாயாலதான்.

— அது தெரியும்டி பாப்பா. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டுக் கேட்டாரா, போட்டுக்கிட்டே கேட்டாரா?

— துடைச்சிட்டு. அப்புறம் ஸ்கிரீன்கிட்ட குனிஞ்சு பார்த்துட்டுக் கேட்டாரு.

— ம்… குனிஞ்சாரா. சரி.

— ஏன்கா?

— ஒண்ணுமில்ல. நீ உன் வேலையைப் பாரு. சாவிக்காரர் பொண்டாட்டி ஜெராக்ஸ் கடையில வந்து வெட்டிக்கதை பேசுறான்னு உங்க முதலாளி டைப் சார் சொல்லப்போறாரு.

— சார் பேப்பர் வாங்கப் போயிருக்காரு. உக்காருங்க… அந்த ஸ்டூல் இல்லக்கா, அது ஆடும். இதுல உக்காருங்க.

— இங்கதான் உங்க பைபிள் வகுப்பு நடக்குதா?

— ஆமாக்கா. புதன்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு நாற்காலியை வட்டமாப் போடுவோம். அதோ அந்த லேப்டாப்பை நடுவுல வச்சிடுவேன். அதுலதான் பைபிள் சாஃப்ட்வேர் இருக்கு.

— இதுவா? டிபன் டப்பா மூடி மாதிரி இருக்கு. இதைப் பார்த்தா ஏழு பேர் படிக்கறீங்க?

— அதான்கா பிரச்சினையே.

— எங்க வீட்டுக்காரர் சொன்னப்ப நான் சினிமாக் கொட்டகை அளவுக்கு நினைச்சிக்கிட்டேன்.

— அண்ணன்… எப்படி இருக்காரு?

— அதைக் கேக்கத்தானே வந்தேன். புதன்கிழமை இங்கேருந்து வந்தவர்தான். இன்னிக்கு வரைக்கும் கடையைத் திறக்கலை. பூட்டைக் கையில வச்சுக்கிட்டு ஆளுங்க வந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க. சாப்பாடு போட்டா சாப்பிடறாரு, தட்டைக் கழுவிக் கவுத்து வைக்கறாரு. பேச்சு மட்டும் இல்ல. ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷன். அவர் வாய்க்கு நான் எங்க போய் சாவி போடறது?

— என்கிட்டயும் ஒண்ணும் சொல்லலைக்கா.

— கண்ணாடியை வேற விட்டுட்டு வந்திருக்காரு.

— இருக்கு. டிராயர்ல பத்திரமா வச்சிருக்கேன். இருங்க…

— அவசரமில்ல, போகும்போது குடு. கண்ணாடி ஒரு சாக்குதான். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு வந்தேன்.

— என்ன?

— எங்க பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உங்க வகுப்புக்கு வர்றாங்கல்ல, அவங்க சொன்னாங்க. “அந்தப் பொண்ணு உன் புருஷனுக்காக எவ்வளவு மெனக்கெட்டா தெரியுமா. சின்னதா இருக்குன்னு அவர் சொல்லச் சொல்ல, எழுத்தைப் பெருசாக்கிக்கிட்டே இருந்தா. நானா இருந்தா எரிஞ்சு விழுந்திருப்பேன்”னு. கூடப்பிறந்தவங்களே செய்யமாட்டாங்க பாப்பா. நீ நல்லா இருக்கணும்.

— வேண்டாம்கா.

— என்ன வேண்டாம்? நல்லா இருன்னு சொல்றதுக்குக்கூட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?

— அதில்லக்கா… இருங்க, ஆள் வந்திருக்காங்க. வாங்க சார். ரெண்டு பக்கமுமா? முன்பக்கம் மட்டும்… சரி. இந்தாங்க சார்.

— முகத்தை ஏன் அப்படித் திருப்பிக்கறே? நான் என்ன திட்டவா செஞ்சேன்.

— மிஷின் சூடுக்கா. வேர்க்குது.

— சரி, அந்த லேப்டாப்பைத் திற. அவருக்காக என்ன செஞ்சேன்னு காட்டு. நானும் பார்க்கறேன்.

— எதுக்குக்கா…

— திறடின்னா.

— … இதான். முதல்ல இப்படி இருக்காதுக்கா. திறந்ததும் மேல ரெண்டு வரிசை பட்டனு. இந்தப் பக்கம் புத்தகப் பேரெல்லாம் வரிசையா. அந்தப் பக்கம் விளக்க உரை. கீழ அகராதி, அதுக்குப் பக்கத்துல ஒரு வரைபடம். நடுவுலதான் வசனம். அதுலயும் பழைய மொழிபெயர்ப்பு ஒரு பாதி, புது மொழிபெயர்ப்பு ஒரு பாதி.

— கல்யாண வீட்டுல பாய் விரிச்ச மாதிரி.

— ஆமா. யாரு காலு யாரு தலைன்னே தெரியாது. ஒரு வரியில மூணு வார்த்தைதான் நிக்கும். அண்ணன் கேட்டதுக்கப்புறம் கடை வேலை இல்லாதப்பல்லாம் உக்காந்து ஒதுக்கினேன். பட்டனையெல்லாம் மறைச்சேன். புத்தகப் பேரை ஓரத்துக்குத் தள்ளிட்டேன். இதோ பாருங்க, அம்புக்குறி கிட்ட போனா மட்டும் எட்டிப்பார்க்கும், போனதும் உள்ள போயிடும்.

— நல்ல மருமக மாதிரி.

— விளக்க உரைக்குப் பின்னால அகராதி, அதுக்குப் பின்னால படம். ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிட்டேன். பேர் எழுதின காது மட்டும்தான் வெளிய தெரியும். வேணும்னா காதைப் பிடிச்சு இழுத்துக்கலாம்.

— எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில நான் பெட்டி அடுக்கியிருக்கற மாதிரியே இருக்கு. கெட்டிக்காரிதான். யார் சொல்லிக் குடுத்தா?

— யாரும் இல்ல. சும்மா தட்டிப் பார்த்தேன்.

— இவ்வளவு வருது, படிப்பை ஏன் நிறுத்தினே?

— அது… அப்புறம் சொல்றேன்கா.

— சரி விடு. இப்ப இது வசனம். பெருசாத்தான் இருக்கு. இது பழசா, புதுசா?

— புதுசு.

— பழசு எங்கே?

— மூடிட்டேன்.

— மூடிட்டியா?

— ரெண்டும் இருந்தா இடம் போதலைக்கா. பழசுல வாக்கியம் ரயிலு மாதிரி நீளமாப் போகுது. புதுசுன்னா துண்டு துண்டா இருக்கு, பெருசாக்கினாலும் உள்ள அடங்கும். அதான்.

— எப்போ மூடினே?

— செவ்வாய்க்கிழமை.

— … செவ்வாய்க்கிழமை.

— ஏன்கா, தலையைப் பிடிச்சுக்கிட்டீங்க?

— ஒண்ணுமில்ல. அவருக்குப் பழசுதான் பழக்கம்.

— பழக்கம் கண்ணுக்கா… இல்ல காதுக்கா?

— என்ன கேட்டே?

— தப்பா எடுத்துக்காதீங்க. அவர் போனப்புறம் நாற்காலியில கண்ணாடி கெடந்துச்சு. எடுத்து வைக்கறப்ப… போட்டுப் பார்த்தேன்.

— அடுத்தவங்க கண்ணாடியை எதுக்குப் போடறே?

— அதுல பவரே இல்லக்கா. வெறும் கண்ணாடி.

— கொஞ்சம் தண்ணி இருக்கா?

— இந்தாங்க.

— வெளிய சொன்னியா?

— யார்கிட்டயும் சொல்லலை. சார்கிட்டகூட.

— … படிக்கத் தெரியாது. அவ்வளவுதான். சின்ன வயசுல யாரும் பள்ளிக்கூடம் அனுப்பலை. இப்ப என்ன, கை பேசுது. ஒரு சாவியைப் பார்த்தாலே இன்னொண்ணு போட்டுடுவாரு. உங்க வகுப்புக்கு டைப் சார் கூப்பிட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். “எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டு ஓரமா உக்காந்து கேக்கறேன்”னுதான் சொன்னாரு. நான்தான் விடலை.

— ஏன்கா?

— தையல்காரம்மா இருப்பாங்க, மருந்துக்கடைக்காரர் இருப்பாரு, எல்லாரும் படிச்சவங்க. நாளைக்கு எதிர்ல பார்த்தா என்னைத்தானே ஒரு மாதிரி பார்ப்பாங்க. வெட்கம் எனக்குத்தான். அவருக்கு இல்ல. நல்லா இருந்த கண்ணுக்கு நானே கூட்டிட்டுப் போய் கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டேன். “முறை வந்தா கண்ணு சரியில்லன்னு சொல்லு, எழுத்து பெருசா வருமான்னு கேளு”ன்னு அந்தக் கேள்வியைச் சொல்லிக் குடுத்தவளும் நான்தான்.

— துடைச்சிட்டுக் கேக்கணும்னும்…

— ஆமா. ஒத்திகை பார்த்தோம். சிரிக்காதே.

— சிரிக்கலைக்கா.

— அடுத்த வாரம் உங்க முறைன்னு சார் சொல்லிட்டாருன்னு வந்து நின்னாரு. கதவைத் தட்டற பகுதியாமே.

— ஆமா. “கதவுன்னா சாவிக்காரர்தான் படிக்கணும்”னு சார் சொல்லி எல்லாரும் சிரிச்சாங்க.

— என்கிட்ட எங்கம்மா குடுத்த பழைய பைபிள் இருக்கு. வாரம் முழுக்க நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே ஒவ்வொரு வசனமாச் சொன்னேன், அவர் அரத்தால சாவியைத் தேய்ச்சுக்கிட்டே திருப்பிச் சொன்னாரு. ஒரு எழுத்து பிசகலை. ஸ்கிரீன்ல ரெண்டும் இருக்குன்னு சொல்லியிருந்தாரு. பழசைப் பார்த்துப் படிக்கற மாதிரி ஒப்பிச்சிடலாம்னு நினைச்சோம்.

— நான் அதை மூடிட்டேன்.

— நீ என்ன பண்ணுவே. பெருசாக்குன்னு சொன்னதே நாங்கதானே. சொல்லு, அன்னிக்கு என்னதான் ஆச்சு?

— நல்லாத்தான் ஆரம்பிச்சாருக்கா. சத்தமா, கம்பீரமா. ஆனா ஸ்கிரீன்ல வேற மாதிரி இருந்துச்சு. எல்லாரும் அவரையும் ஸ்கிரீனையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. சார்தான், “அண்ணே, அங்க அப்படி இல்லையே, அங்க இருக்கறதைப் படிங்க”ன்னாரு.

— ஐயோ.

— அண்ணன் நிறுத்திட்டாரு. கண்ணாடியைத் துடைச்சாரு. எழுத்து சின்னதா இருக்குன்னாரு.

— நீ பெருசாக்கினே.

— விளக்க உரையை மூடிட்டுப் பெருசாக்கினேன். இன்னும் சின்னதா இருக்குன்னாரு. அடுக்கி வச்சிருந்ததையெல்லாம் மூடினேன். வசன நம்பரை எடுத்தேன். கீழ நேரம் காட்டற பட்டையைக்கூட மறைச்சேன். கடைசியில… ஸ்கிரீன் முழுக்க ஒரே வார்த்தை.

— ஒரே வார்த்தையா?

— ஆமா.

— என்ன வார்த்தை?

— “கதவு”. தையல்காரம்மா புடவைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டே இருந்தாங்க.

— எங்க கடைப் பலகையில அந்த வார்த்தை இருக்கு பாப்பா. கதவு, பூட்டு, பீரோ ரிப்பேர். தினம் அதுக்குக் கீழதான் உக்காந்திருக்காரு.

— அழாதீங்கக்கா.

— அழலை. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். தெரியாதுன்னு சொல்லிட்டு ஓரமா உக்காந்திருப்பாரு, நிம்மதியா இருந்திருப்பாரு. சரி, போனது போகட்டும். ஒரு உதவி பண்ணு. அந்தப் பழசைத் திறந்து வை. எழுத்து எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. எப்படியாவது பேசி அடுத்த புதன்கிழமை கூட்டிட்டு வர்றேன். தண்ணி மாதிரிச் சொல்லிடுவாரு. அன்னிக்குக் கண்ணு சரியில்லன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க.

— வைக்கறேன்கா. ஒரு அமுக்குதான்.

— நீ இருக்கறவரைக்கும் எனக்கு பயமில்ல. அவரும் உன்னைப் பத்தி ஒரு நாள் சொன்னாரு. “அந்தப் பொண்ணு யாரையும் நிமிர்ந்து பார்க்காது, ஆனா யாருக்கு என்ன வேணும்னு தெரியும்”னு.

— அக்கா, போதும்.

— ஏன், புகழ்ந்தா கூசுதா?

— நான் படிப்பை ஏன் நிறுத்தினேன்னு கேட்டீங்கல்ல.

— ஆமா.

— வகுப்புல எழுந்து நின்னு படிக்கச் சொல்லுவாங்க. எழுத்தெல்லாம் தெரியும். வாயைத் திறந்தா சத்தம் வராது. எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க. அந்த நேரம் இருக்கே… ஒரு நாள் அப்படி நின்னுட்டு வந்தேன். அதுக்கப்புறம் போகலை.

— என்கிட்ட நல்லாத்தானே பேசுறே.

— ஒருத்தர்னா வரும். வட்டமா உக்காந்தா வராது. அதான் லேப்டாப்பை நான் பார்த்துக்கறேன்னு சார்கிட்ட சொன்னேன். அதைப் பார்க்கறவளைப் படிக்கச் சொல்லமாட்டாங்கன்னு.

— பாவம். அப்ப அவர் கஷ்டம் உனக்குத்தான் நல்லாப் புரியும்.

— புரிஞ்சுதுக்கா.

— என்ன?

— முதல் தடவை பெருசாக்கினப்ப எனக்குத் தெரியாது. ரெண்டாவது தடவை தெரிஞ்சிடுச்சு. எழுத்து நடுவுல இருந்துச்சு. அண்ணன் பார்த்தது ஓரத்துல, ஒண்ணுமே இல்லாத வெள்ளையை.

— கண்ணாடியைப் போட்டுப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுதுன்னு…

— இல்லக்கா. சரிதானான்னு பார்க்கத்தான் போட்டேன்.

— தெரிஞ்சுமா பெருசாக்கினே? லேப்டாப்பு நின்னு போச்சுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே. டக்குன்னு மூடியிருக்கலாமே. அவரே முடியலன்னு சொல்றாரு, சார் விட்டிருப்பாரே.

— சார் விட்டுட்டாருக்கா.

— விட்டுட்டாரா?

— “முடியலைன்னா பரவாயில்லண்ணே, பக்கத்துல பாப்பா இருக்கா, அவ படிக்கட்டும்”னு சொன்னாரு. அண்ணன் உக்காரப் போனாரு. நான்தான்… “இருங்க சார், அண்ணனால முடியும், இன்னும் பெருசாக்கறேன்”னு சொன்னேன்.

— நான் கிளம்பறேன்.

— அக்கா… கண்ணாடியை எடுத்துக்காமப் போறீங்களே…