நாலு விரல் கறுப்பு

கிட்ட வந்து உட்காருங்கள். இது நம்ம வாசுவின் சித்தப்பா மகன் சபாபதிக்கு நடந்தது...

தொண்ணூற்று நாலாம் வருஷம். ஞாயிறு, மாலை ஏழேகால். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்து. மக்ரிப் தொழுகை நேரம், பொழுது சாய்கிற வேளை... ஆள் நடமாட்டமே இல்லை. சபாபதி மட்டும் போனான்.

பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் அவன். அந்தச் சந்தில், மாடியில், தம்புசாமியின் கல்யாணக் கார்டு அச்சகம். தங்கை புஷ்பவல்லிக்கு மறுநாளிலிருந்து அங்கே டைப் அடிக்கிற வேலை. ஒரு வருஷம் அலைந்து கிடைத்தது.

"புரோகிராம் ஃபுல் ஸ்க்ரீன் ஆகமாட்டேங்குது தம்பி. அது சரியாகாம உன் தங்கச்சிய வச்சு நான் என்னா செய்ய?" தம்புசாமி படியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

திரையில், புரோகிராம் விண்டோவுக்கு வலது ஓரத்தில் நாலு விரல் அகலம் கறுப்பாக மிச்சம். சபாபதி மூலை அம்புக்குறியை அமுக்கினான். விரிந்தது... டக். பழையபடி சுருங்கியது. புரோகிராமை அழித்து மறுபடி ஏற்றினான். டக்.

"இதுல முன்ன யாரு வேலை செஞ்சா?"

"சீதாலெட்சுமி. அந்த ஓரம் எனக்கு வேணும்னு சொல்லி, காலியாவே வச்சிருக்கும்."

"இப்ப எங்க?"

"அந்த நாற்காலியிலதான் செத்துக் கிடந்துச்சு... ஹார்ட்டுன்னாங்க. நான் கீழ டீ குடிச்சிட்டு வரேன் லா."

மை வாடை. அதற்கடியில்... ஈரச் சாக்கு வாடை.

திரையின் அந்தக் கறுப்பு ஓரம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூம் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. வாசலில் யாரோ.

திரும்பினான். கதவு சாத்தியிருந்தது. ஆளில்லை.

மறுபடி கண்ணாடி. கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நின்ற உருவம் ஓர் அடி முன்னால் வந்திருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தால் நகரவில்லை. சீதாலெட்சுமிக்கு அந்த ஓரம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அந்த ஓரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, படிக்கு வந்தான். எதையும் அணைக்கவில்லை. "அத அப்படியே விட்டுடுங்க" என்று மட்டும் தம்புசாமியிடம் சொன்னான்.

அங்கே போகாதே என்று வீட்டில் தங்கையிடம் கெஞ்சினான். "கிடைச்ச வேலையக் கெடுக்காதண்ணே" என்றாள்.

"சரி. அந்தக் கறுப்பு ஓரத்த மட்டும் மூடிடாத. அடிக்கடி பாத்துக்க."

மறுநாள் மாலை, ஏழு தாண்டி, அச்சகத்திலிருந்து போன்.

"எந்த ஓரம்ணே? ஸ்க்ரீன் ஃபுல்லாத்தான இருக்கு. நான் தொடவே இல்ல, காலையில வந்தப்பவே இப்படித்தான். நல்லா ரிப்பேர் பண்ணியிருக்க... முதலாளி கிளம்பிட்டாரு. நான் மட்டும்தான். இன்னும் ரெண்டு கார்டு, முடிச்சிட்டு வரேன்."