நாலு போடுகிறவன் பத்து போட்டால்

செவ்வாய்க்கிழமை காலை, புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்து. என் முன் இருக்கையில் ஒரு பெண்ணும் ஓர் இளைஞரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவர்கள்.

“நம்ம டீம் முரளி மூணு வாரமா பத்துக்குப் பத்து போட்டுக்கினு கீறான். அதான் பயமா கீது,” என்றார் அந்தப் பெண்.

“மனசு எப்படி கீதுன்னு ஆபீஸ்ல வாராவாரம் கேக்கற ஃபார்ம்லயா? நல்லா கீறான்னு விடுக்கா.”

“எப்பவும் நாலு போட்டு, கீழ நம்மள எல்லாம் திட்டி எழுதுவான். இப்ப திட்றதே இல்ல. போனும் எடுக்கல.”

“எச்ஆர் கிட்ட சொல்லேன்.”

“இன்னொரு ஃபார்ம் அனுப்புவாங்க. நான் வடமாலபேட்டைல அவன் வீட்டுக்கே போறேன்.”

“போய் இன்னாக்கா பேசுவ?”

“ஒண்ணும் பேசல. அவன் திட்ற வரைக்கும் உக்காந்துக்கினு இருப்பேன்.”

வடமாலபேட்டையில் அந்தப் பெண் இறங்கினார். திருப்பதிக்கு டிக்கெட் எடுத்திருந்த இளைஞரும் பின்னாலேயே இறங்கினார்.