வேகத்துக்காகச் சேர்த்த இரண்டு டிஸ்க்

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு ஸ்டூடியோக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

"லேப்டாப்புல ரெண்டு டிஸ்க் இருந்தும் ஒரு கல்யாணப் படம்கூட இல்லையா?" என்று மனைவி கேட்டார்.

"ரெய்டுன்னு ஒரு செட்டிங் போட்டு ரெண்டு டிஸ்க்கையும் ஒண்ணாக்கிட்டேன். படம் பாதி இதுல, பாதி அதுல. ஒண்ணு செத்ததும் எல்லாம் போச்சு."

"ரெண்டுலயும் ஒரே படத்த வைக்கலாம்னு கடைக்காரரு சொன்னாருல்ல?"

"அப்ப இடம் பாதியாயிடும். இதுன்னா வீடியோ வெட்ட வேகம்."

"வேகமா எங்கங்க போறீங்க? பொண்ணு வீட்டுல உதை வாங்கவா?"

"கத்தாத. மறுபடி மாலையப் போட்டு நிக்கச் சொல்லி எடுத்துக் குடுப்போம்."

"பொண்ணோட அப்பா செத்ததாலதானே அவசரமா படம் கேக்குறாங்க. அவரையும் எழுப்பி நிக்க வைப்பீங்களா?"

அதுவரை நான் சிரிப்பை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இறங்கும்வரை தலை நிமிரவில்லை.