கடைசி வீட்டுக் குழாய்

தென்காசி மாவட்டத்துப் பொதுமக்களுக்கும், சுகாதாரத் துறைக்கும், காவல் துறைக்கும், மக்கள் மீது அக்கறையுள்ள துறைகளுக்கும், அக்கறை இருப்பதாகச் சொல்லிக்கொள்கிற ஏனைய துறைகளுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், நான் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிப்பதில்லை. ஆகவே இன்ஸ்பெக்டர் அம்மா, அந்த பாட்டிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தவறாக நினைக்க வேண்டாம். ஸ்டேஷனில் கெட்டில் இருந்தால் ஒரு டம்ளர் வெந்நீர் போதும். இல்லையென்றாலும் பாதகமில்லை. நான் காத்திருந்து பழகியவன்.

என் பெயர் கைலாசம். கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற டவுன் பஸ் எங்கள் ஊரில் நிற்கும், யாரும் இறங்குவதில்லை. அருவி பார்க்கப் போகிறவர்களுக்கு நாங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து போகிற ஊர். அந்த ஊரில் எங்கள் தெரு கடைசி. தெருவில் என் வீடு கடைசி. என் மனைவி உமாராணி, மகளின் பேறுகாலத்துக்காகக் கோயம்புத்தூர் போனாள். அந்தப் பேரன் இப்போது புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். உமாராணி இன்னும் பேறுகாலம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்தால் போனாவது வரும்.

சில வருடங்களுக்கு முன்னால், சீசன் நேரத்தில், எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. வெந்நீர்ப் பழக்கம் அன்றைக்குப் பிடித்துக்கொண்டதுதான். அப்போது என்னைத் தேடி ஒருவர் வந்தார். குற்றாலீஸ்வரன், சுகாதார ஆய்வாளர். வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தார். எப்போதிலிருந்து காய்ச்சல், என்ன சாப்பிட்டேன், வாந்தி உண்டா என்றெல்லாம் கேட்டார். அத்தனை கேள்விகளை என்னிடம் யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பிறகு என் குழாயில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் பிடித்து, பையிலிருந்த சிறிய குப்பியைத் திறந்து சொட்டு விட்டார். தண்ணீர் அப்படியே பளிங்கு மாதிரி இருந்தது.

"பாத்தீயளா அண்ணாச்சி. தண்ணியில குளோரின் இருந்துச்சுன்னா இது மஞ்சளாவணும். தண்ணி மஞ்சளாவலேன்னா நாம மஞ்சளாயிருவோம்" என்றார்.

இருவரும் சிரித்தோம். அவர் போன பிறகு அந்த நாற்காலியை மடக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீர் கெட்டதற்குக் காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவுக்கு வருகிற குடிநீர்க் குழாய், வழியில் சாக்கடைக்குள் முங்கி எழுந்து வருகிறது. முங்குகிற இடத்தில் ஒரு விரிசல். நான் மனு எழுத ஆரம்பித்தேன். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடக்கும். பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். ஒரு மனுவுக்கு ஓர் அதிகாரியாவது வந்தே ஆக வேண்டும். வந்தவர் சாக்கடையை எட்டிப் பார்ப்பார். மூக்கைப் பொத்துவார். நிதி இல்லை என்பார். பிறகு மனுதாரர் என்ற முறையில் என் வீட்டுக்கு வந்து தேநீர் குடிப்பார். பைப்பின் கடைசி வீடு என்பதால் குற்றாலீஸ்வரன் மாதாமாதம் என் குழாயில்தான் சொட்டு விட்டுப் பார்ப்பார். தண்ணீர் மாறாது. அவர் உதட்டைப் பிதுக்குவார். நான் அடுத்த மனுவை எழுதுவேன். அரசாங்கம் தன் கடமையைச் செய்யாமல் இருந்த அந்தக் காலம் முழுக்க என் வீட்டில் பேச்சுக் குரல் கேட்டது.

திடீரென்று ஒருநாள் அரசாங்கம் கடமையைச் செய்துவிட்டது.

குழாயை மாற்றவில்லை, அந்த அளவுக்குப் போகமாட்டார்கள். ஆனால் வாட்டர் டேங்குக்குக் கீழே மோட்டார் ரூமில் ஒரு கருவி வைத்தார்கள். ஒரு நீல டிரம், அதில் குளோரின் கரைசல், ஒரு மெல்லிய குழாய், அதில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு திருகு. சொட்டுச் சொட்டாக மருந்து தண்ணீரில் கலக்கும். இதைத் திறந்து வைக்கப் பந்தல் போட்டார்கள். மைக் வைத்தார்கள். தென்காசியிலிருந்து வந்த அதிகாரி, மக்களாட்சியின் மாண்பு என்று தொடங்கி, எங்கள் சாக்கடையைச் சுற்றிக்கொண்டு போய், வேறு எங்கோ முடித்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொதுமக்கள் பங்களிப்புக்காகக் குடிநீர்க் கண்காணிப்புக் குழு ஒன்று அமைத்து என்னைத் தலைவராக்கி, மோட்டார் ரூமின் மாற்றுச் சாவியை மேடையிலேயே என் கையில் கொடுத்தார்கள். குழுவின் உறுப்பினர்கள் அன்றைக்குக் கேசரி சாப்பிட வந்தார்கள். அதற்குப் பிறகு குழு என்றால் நான்தான்.

குற்றாலீஸ்வரன் எல்லார் முன்னிலையிலும் டம்ளரில் சொட்டு விட்டார். தண்ணீர் எலுமிச்சைச் சாறு போல மஞ்சளானது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் போனில் செய்தி வந்தது. தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது.

அதன் பிறகு யாரும் வரவில்லை.

யாரும் என்றால் ஒருவர்கூட. மாதச் சோதனைக்குக்கூடக் குற்றாலீஸ்வரன் வரவில்லை. பக்கத்து வீட்டு ஹைருன் பீவி மட்டும் மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எப்போதாவது குரல் கொடுப்பாள். அவள் மகன் அல்தாப் ஷார்ஜாவில் இருக்கிறான். மருமகள் ஜுஹைனா தலைச்சன் பிள்ளை சுமந்துகொண்டிருந்தாள். நோன்புக் காலத்தில் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "மாமா, சூடா இருக்கு, பாத்து எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற பெண். அந்த ஒரு வாக்கியத்தை நான் இரண்டு மூன்று நாள் வைத்திருப்பேன்.

சாரல் தொடங்கிய ஒரு காலையில் நடக்கப் போனவன், சாவி சட்டைப் பையில் இருந்ததால், மோட்டார் ரூமைத் திறந்து அந்தத் திருகை மூடினேன்.

அவ்வளவுதான் செய்தேன். விஷம் கலக்கவில்லை. எதையும் உடைக்கவில்லை. கொஞ்சமாய்த் திருப்பினேன். குறையை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவந்து வைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டொரு நாளில் குற்றாலீஸ்வரன் வருவார், சொட்டு விடுவார், தண்ணீர் மாறாது, உட்காருவார், பேசுவோம், போய்த் திறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவருக்குப் பிடிக்கும் என்று புளியறைக்குப் போய் நேந்திரங்காய் சிப்ஸ்கூட வாங்கி வந்தேன்.

வரவில்லை. போன் செய்தேன்.

"சொல்லுங்க அண்ணாச்சி, சௌக்கியமா? நான் இங்கன குத்தாலத்துல சீசன் டூட்டியில நிக்கேன். பஜ்ஜிக் கடையில எண்ணெயப் பாக்கணும். அது போக பெரிய ஆளு ஒருத்தரு குளிக்க வாராரு. அவரு தலை துவட்டுத வரைக்கும் நாங்க அசைய முடியாது."

"நம்ம குழாயிலயும் ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுப் போங்களேன்."

"உங்க மனுவத்தான் முடிச்சாச்சுல்லா. முடிச்ச மனுவுக்கு வந்தா, அங்கன உனக்கு என்ன சோலின்னு மேல உள்ளவங்க கேப்பாவ. மஞ்சளாத்தான இருக்கும் அண்ணாச்சி. நீங்கதான கமிட்டி."

சரிதான் என்று புதிதாக ஒரு மனு எழுதினேன். எங்கள் தெருத் தண்ணீரில் குளோரின் இல்லை. இப்போது அது உண்மை அல்லவா. கலெக்டர் ஆபீஸில் கொடுத்தேன். அந்த வாரமே பதில் வந்தது: இதே பொருள் குறித்த தங்கள் முந்தைய மனு தீர்வு செய்யப்பட்டுள்ளதால் இம்மனு முடித்து வைக்கப்படுகிறது. நேரில் வந்து ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்க்க ஆளில்லை. பார்க்காமலே முடித்து வைக்க ஆளிருக்கிறது.

அப்போதே திறந்திருக்கலாமே என்கிறீர்கள். நான் என் வாழ்நாளில் பொய் மனு எழுதியதில்லை அம்மா. எழுதிக் கொடுத்த பிறகு போய்த் திருகைத் திறந்தால் அந்த மனு பொய்யாகிவிடும். அதை நான் எப்படிச் செய்வேன்.

மோட்டார் போடுகிற மாடனும் கவனிக்கவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். கருவி வந்த பிறகு எல்லாவற்றையும் கருவியே பார்த்துக்கொள்ளும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். டிரம்மில் மருந்து குறையாமல் இருப்பதைப் பார்த்து, "நல்ல சாமான் குடுத்திருக்காவ அண்ணாச்சி, மருந்தே செலவாவ மாட்டேங்கு" என்று என்னிடம் சந்தோஷப்பட்டான். ஆமாம் என்றேன்.

சில வாரங்களில், முதலில் எங்கள் தெருமுனை டீக்கடைக்காரருக்குக் காமாலை வந்தது. பிறகு அவர் வீட்டில் எல்லாருக்கும். தெருவில் கீழாநெல்லி தேடி அலைந்தார்கள். பிறகு ஜுஹைனாவுக்கு வந்தது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் காமாலை வந்தால் தாங்காது என்று டாக்டர்கள் பிறகு சொன்னார்கள். பிறகு என்றே எழுதுங்கள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிற வழியில், ஆம்புலன்ஸிலேயே, முடிந்துவிட்டது. வயிற்றில் இருந்ததும் சேர்ந்துதான்.

மறுநாள் எல்லாரும் வந்தார்கள்.

அப்படி ஒரு கூட்டத்தை எங்கள் தெரு கண்டதில்லை. பிளீச்சிங் பவுடர் கொட்டித் தெருவே வெளுத்துக் கிடந்தது. காய்ச்சல் முகாம், டிவிக்காரர்கள், பந்தல் நாளில் பேசிய அதே அதிகாரி, இந்த முறை மைக் இல்லாமல். விவரம் தெரிந்த ஆள் என்று எல்லாரையும் என் வீட்டுக்குத்தான் அனுப்பினார்கள். என் வீட்டு நாற்காலிகள் போதவில்லை. ஹைருன் பீவி வீட்டில் மௌத்துக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆள் இல்லாதவற்றை எடுத்துவந்து என் முற்றத்தில் போட்டார்கள். குற்றாலீஸ்வரன் என் குழாயில் சொட்டு விட்டார். தண்ணீர் மாறவில்லை. அவர் இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். நான் சிப்ஸை எடுத்து வைத்தேன். நமத்துப் போயிருந்தது. என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே அவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்று எழுத வேண்டாம். வீட்டில் ஆள் இருந்தது என்று எழுதுங்கள்.

திருகு மூடியிருந்ததைக் கண்டுபிடித்து மாடனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். குற்றாலீஸ்வரனுக்கு விளக்கம் கேட்டு ஓலை போனது. முகாமைப் பிரித்தார்கள். நாற்காலிகளை வண்டியில் ஏற்றினார்கள். தெரு பழையபடி ஆனது.

ஒரு வாரம் கழித்து ஹைருன் பீவி வந்தாள். அத்தனை வருடத்தில் அவள் என் வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை.

"மாடன் தொடவே இல்லன்னு அழுதான் அண்ணாச்சி. அப்பம் யாரு மூடுனா? எனக்கு அது தெரியணும். ஒரு மனு எழுதித் தாங்க. நீங்க எழுதுனாத்தான் வருவாவ."

எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்த மனு. மோட்டார் ரூம் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டும் என்று கடைசி வரி எழுதியவனும் நான்தான். அந்த வரி இல்லாவிட்டால் மனு நொண்டும். யாரும் கடைசி வரி வரைக்கும் படிக்கமாட்டார்கள் என்பது என் அனுபவம். நீங்கள் படித்துவிட்டீர்கள். வீடு தேடி வந்து, சாவியைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டீர்கள். எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். முறையாக விசாரிக்கப்பட்டது இது ஒன்றுதான். அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன்.

மாடன் மேல் இரக்கப்பட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்று போட்டுக்கொண்டால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. காலையிலிருந்து நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பெண் காவலர் ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறார்.

இறுதியாக என் தரப்பு இதுதான். நான் அரசாங்கத்தை நம்பினேன். மாதம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் என்று நம்பினேன். விட்டிருந்தால் ஜுஹைனா இன்றைக்குப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பாள். இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். பொறுப்பு என்று ஒன்று இருந்தால் அது மேலேயிருந்து கீழே வர வேண்டும். தெருவின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கக் கூடாது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாக்குமூலம் முழுமையாக இருக்க வேண்டும்.

டீக்கடைக்காரருக்குக் காமாலை என்று கேள்விப்பட்ட அன்று காலையில், மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹைருன் பீவி கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, தண்ணியில மருந்து வாடையே காணமே. மருமவ மாசமா இருக்கா. கொதிக்க வச்சுக் குடுக்கணுமோ?"

"அதெல்லாம் வேண்டாம் பீவி. நான்தான பாத்துக்கிடுதேன். பயப்படாம குடிக்கச் சொல்லு" என்றேன்.

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தேன்.