குவாரியில் இறந்த ஏழு பேர்

சிங்கப்பூரின் உபின் தீவில் கொசு அதிகம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அப்படியொன்றும் இல்லை. மூன்று வாரம் இருந்ததில் எனக்கு இரண்டு மூன்று கடிதான். நஃபீசாவைத்தான் பிடித்துத் தின்றன. என்னிடம் இருந்த தைலத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

பழைய கருங்கல் குவாரிகளைப் பார்த்துக் கலைஞர்கள் அங்கேயே தங்கிப் படைப்பதற்கான திட்டம் ஒன்றுக்காகப் போயிருந்தோம். ஒரு கலை அமைப்பு எங்கள் இருவரையும் தேர்ந்தெடுத்திருந்தது. கல் வெட்டிய பள்ளத்தில் இப்போது பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது, சுற்றிலும் காடு. நஃபீசா தண்ணீருக்கடியில் மைக்கை இறக்கி, மீனும் நண்டும் எழுப்பும் சத்தங்களைப் பதிவு செய்தாள். இருபத்தொன்பது வயது. பிடோக்கில் அம்மாவோடு இருந்தாள்.

என்னை அழைத்த காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும், இன்ஸ்பெக்டர். ஆறு வருடத்துக்கு முன் நான் செய்த 'ஏழு பேர்' என்ற ஒலிப் படைப்பு. இருட்டறையில் ஒரு முதிய குவாரித் தொழிலாளியின் குரல் மட்டும் கேட்கும். வெடி முன்னதாக வெடித்து, கூட வேலை செய்த ஏழு தமிழர்கள் பாறைக்கடியில் போனதை அவர் சொல்வார். கேட்டவர்கள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள்.

முதல் வாரத்திலேயே நஃபீசா கேட்டாள்.

"ஜோனா அண்ணே, அந்தப் பெரியவர எங்க பாத்தீங்க?"

"லிட்டில் இந்தியாவுல. இப்ப அவரு இல்லம்மா."

"ஃபேமிலி யாராச்சும் இருக்காங்களா?"

"தெரியல லா."

கேட்டது அவ்வளவுதான். ஆனால் அன்று மாலை அவள் மடிக்கணினியில் பழைய செய்தித்தாள்களைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் அருகில் போனதும் மூடினாள். அவள் குளிக்கப் போனபோது அவளுடைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். பக்கம் பக்கமாக மீனும் நண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: "விபத்து நடந்தது எந்த வருஷம்? பேர்கள்?"

அதன் பிறகு அவள் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள் என்று கவனித்தேன். படகுத்துறையில் அவள் போனில் பேசினால், காது கேட்கும் தூரத்தில் போய் நின்றேன். அம்மாவிடம் மீன் குழம்பு பற்றித்தான் பேசினாள். அதையும் நான் நம்பவில்லை.

மூன்றாம் வாரம், காலைச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"அண்ணே, 'பாறை'ன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க மூச்ச ஒரு தடவ இழுப்பீங்க. அந்தப் பெரியவரும் அப்படியேதான் இழுக்குறாரு."

சிறுவயதில் எனக்குத் திக்குவாய். 'ப' இன்னும் முழுதாக வசப்படவில்லை.

அப்படி ஒரு பெரியவர் இருந்ததில்லை. அந்த ஏழு பேரும் இருந்ததில்லை. டன்லப் ஸ்திரீட்டில் வாடகை அறையொன்றில், மின்விசிறியை நிறுத்திவிட்டு நானே பேசிப் பதிவு செய்து, அதைக் கிழவர் குரலாக மாற்றினேன். அப்படி எங்கேயாவது நடந்திருக்கும்தானே. எழுதி வைக்க ஆளில்லாத துயரத்துக்கு நான் வாய் கொடுத்தேன்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஓப்பன் டேக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்கண்ணே. மனசு லேசாயிடும்" என்றாள். என் தட்டில் இன்னொரு ரொட்டியை எடுத்து வைத்தாள். அந்த ரொட்டிதான் என் சந்தேகத்தை உறுதி செய்தது. காரணமில்லாமல் ஒருவர் இவ்வளவு அன்பாக இருக்க மாட்டார்.

சனிக்கிழமை பொதுமக்கள் வருவதாக இருந்தது. பள்ளத்தின் சரிவில் இறங்க, ஊழியர்கள் மரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். தினமும் காலை ஏழரைக்கு நஃபீசா அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் விளிம்புக்குப் போவாள். வியாழக்கிழமை ஏழு மணிக்கு அந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன். கொஞ்சம் தளர்வாக. அவளுக்கு நீச்சல் தெரியாது. முதல் நாளே சொல்லியிருந்தாள்.

தண்ணீரில் விழுந்தவள் மேலே பார்த்தாள். நான் நிற்பதைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது.

"அண்ணே, அந்த வளையம்..."

மிதவை வளையம் என் கைக்கு எட்டும் தூரத்தில், வேலியில் தொங்கியது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாள். தண்ணீர் அசைவது நின்ற பிறகு ஆள் கூப்பிட ஓடினேன். நன்றாகவே ஓடினேன், முழங்காலில் இன்னும் வலி இருக்கிறது.

பிடோக் வீட்டில் அவள் அம்மா முனீரா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, புள்ள ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?"

"இல்லம்மா. ஒரு நிமிஷம்தான்."

அந்த அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கும்தான்.

சென்ற வாரம் அமைப்பின் அறிக்கை வந்தது. கயிற்றை நஃபீசாவே அவிழ்த்துக் கட்டியிருக்கலாம், கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். முனீரா அம்மா போனில் அழுதார். "எம் புள்ள அப்படி இல்ல தம்பி. உங்களுக்குத் தெரியும்தானே?" எனக்குத் தெரியும். வேலையில் அவ்வளவு ஒழுங்கான பெண்ணை நான் பார்த்ததில்லை. அவள் பெயரில் ஒரு பொய் நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான், நீங்கள் கூப்பிடாமலே வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: முடிச்சைத் தளர்த்தியது நான். வளையத்தைப் போடாததும் நான். நஃபீசாவைக் கொன்றது நான்தான்.

அந்தக் குரலைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிடுங்கள். அது கலை சம்பந்தப்பட்ட விஷயம். வெளியே தெரிந்தால் மக்கள் என்னைத் தவறாக நினைப்பார்கள்.