காட்சிக்கு வைத்த மவுத்தார்கன்

பழைய பொருளைப் புதுசு போலப் பளபளவென்று துலக்கி வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. நசுங்கல் இருந்தால் இருக்கட்டும். பல் பட்ட தடம் இருந்தால் அதுவும் இருக்கட்டும். அருங்காட்சியகத்தில் என் வேலை பொருளைக் காப்பாற்றுவது, சிங்காரிப்பது இல்லை. அந்த மவுத்தார்கன் என் மேசைக்கு வந்தபோது மேல் தகட்டின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. சின்ன வயதில் நான் ஆணியால் போட்டது. அதற்காக அண்ணன் என் காதைத் திருகியிருக்கிறான்.

கூட வந்த அட்டையில் உரியவர் என்று மாஸ்டரின் பெயர் இருந்தது. ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்கிறேன். மரியாதை எல்லாம் இல்லை, பழக்கதோஷம்.

அவரும் அண்ணனும் கூட்டாளிகள். எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருவரும் ஊதிப் பழகினார்கள். ஒரு கச்சேரிக்கு முன்னால், தன் மவுத்தார்கனுக்குள் ஒரு பித்தளை நாக்கு உடைந்துவிட்டது என்று அண்ணனுடையதை வாங்கிக்கொண்டு போனார். அண்ணன் கட்டிய மெட்டையே அதில் வாசித்தார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போயிற்று. மவுத்தார்கனும் திரும்பி வரவில்லை, மெட்டும் திரும்பி வரவில்லை.

அண்ணன் தையல் மெஷின் ரிப்பேர் செய்யப் போய்விட்டான். ரேடியோவில் அந்த மெட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுவான். நிறுத்தச் சொல்வேன்.

“ஏன் பாப்பா, நல்லாத்தானே இருக்கு? மெட்டுக்கு நான் என்ன பட்டாவா வாங்கி வெச்சிருக்கேன்?” என்று சிரிப்பான்.

அவனுக்கு ரோஷம் என்பதே கிடையாது. அவனுக்கும் சேர்த்து எனக்கு இருந்தது. மாஸ்டரை நான் வெறுத்தேன். வேளாவேளைக்குச் சாப்பிடுவது போல ஒழுங்காக வெறுத்தேன்.

கண்காட்சித் திறப்பு விழாவில் மாஸ்டர் அந்த மவுத்தார்கனை மேடையில் ஒருமுறை வாசிக்கட்டும் என்று எங்கள் மேலதிகாரி முடிவு செய்தார். காட்சிப்பொருளை வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க மரச்சாமானுக்கும் பாடம் செய்த பறவைக்கும் விஷம் தடவி வைப்பார்கள். எதில் தடவினார்கள், எதில் தடவவில்லை என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாவற்றையுமே விஷம் என்று நினைத்துக் கையுறை போட்டுத்தான் தொடுவோம். கூட்டத்தில் நான் எழுந்து மறுப்பும் சொன்னேன்.

“அட, அது அவரோட சொந்த வாத்தியம்மா. அவர் வாயில வைக்காம வேற யார் வைக்கறது?” என்றார் மேலதிகாரி.

சொந்த வாத்தியம் என்றார். அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை.

மவுத்தார்கனை ஊதினால் மட்டும் போதாது, உறிஞ்சவும் வேண்டும். பாதிச் சுரங்கள் மூச்சை உள்ளே இழுத்தால்தான் வரும். அண்ணனின் மெட்டு தொடங்குவதே இழுப்பில்தான். பாடம் செய்த பறவைகள் இருக்கும் அறையில் அந்தப் பழைய விஷ மருந்து பூட்டிக் கிடந்தது. சாவி என்னிடம். மேல் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த மரச்சட்டத்துக்கு மருந்து வைத்து, திருகாணிகளை மறுபடி முடுக்கினேன். சுத்தமான வேலை. பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

விழாவுக்கு வரமாட்டேன் என்ற அண்ணனை நான்தான் வற்புறுத்தி அழைத்து வந்தேன். கண்ணாரப் பார்க்கட்டும் என்று முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

மாஸ்டர் மேடையில் மவுத்தார்கனை வாங்கி வாய் வரை கொண்டு போனார். அங்கேயே நிறுத்திவிட்டார்.

“இது என்னோடது இல்லீங்க” என்றார். “அந்த மெட்டும் என்னோடது இல்ல. என் கூட்டாளியோடது. இவ்வளவு காலம் சொல்லாம இருந்துட்டேன். டேய், மேல வாடா.”

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அண்ணனுக்கு இல்லை, மாஸ்டருக்கு. திருடியதற்கும் கைதட்டல், திருப்பிக் கொடுத்ததற்கும் கைதட்டல். கொடுத்து வைத்த மனிதர்.

அண்ணன் மேடையேறி அதை வாங்கினான். ஓரத்தில் கையுறையோடு நின்றிருந்த என்னைத் தேடித் திரும்பினான். முகமெல்லாம் பல்.

“பாப்பா, ஊதட்டுமா? உங்க பொருளுக்கு ஒண்ணும் ஆயிடாதே?”

நிதானமாகத்தான் யோசித்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் மாஸ்டர் உத்தமராக வீட்டுக்குப் போவார், நான் ஜெயிலுக்குப் போவேன். அண்ணன் ஓர் அடி வாசித்துவிட்டு அவரிடம் நீட்டிவிடுவான், அவன் சுபாவம் அப்படி. ஓர் அடியில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். ஊது என்று தலையசைத்தேன்.

அவன் நீட்டவில்லை. எத்தனை வருஷத்துப் பசியோ, முழு மெட்டையும் வாசித்தான். மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து வாசித்தான். மாஸ்டர் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே கேட்டார். என் அண்ணன் அவரைவிட நன்றாக வாசித்தான்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில், என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். தெரியாது என்றேன். மாஸ்டர் தன் கையால் கொடுத்ததை ஊரே பார்த்திருந்தது. பழி தானாக அவர்மேல் விழும் என்று காத்திருந்தேன். விழுந்தது. அண்ணன் போனபிறகு எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

இன்ஸ்பெக்டர் சார், இன்று மாஸ்டரின் வாக்குமூலத்தை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். “அவனை நான்தான் கொன்னேன், என்னைத் தூக்குல போடுங்க” என்று அழுதாராம். செய்யாத குற்றத்தைக் கூட்டாளிக்காகச் சுமக்கிறார் என்று வெளியே ஜனங்கள் உருகுகிறார்களாம். ஸ்டேஷன் வாசலில் பூங்கொத்து வைத்திருக்கிறார்களாம். அதைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

என் அண்ணனுடையதை எல்லாம் அவர் எடுத்துக்கொண்டார். அவன் சாவையும் எடுத்துக்கொள்ள விடமாட்டேன். அவனைக் கொன்றது மாஸ்டர் இல்லை, நான். எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றிலாவது உரியவர் பெயர் நிற்கட்டும்.