அந்தோனியம்மாளை அனுப்பிவிட்டு எடுத்த பாட்டு

மாலை ஏழு மணி. சிங்கப்பூரின் வடகோடியில் கிராஞ்சி ரோடு. மழை விட்டு ஈரம் காயாத நேரம்... பஸ்ஸிலிருந்து ஒரே ஒரு பொம்பளை இறங்குகிறாள். கையில் ஒரு துணிப்பை. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரப் புல். தூரத்தில் ஒரு ஆர்க்கிட் தோட்டத்து விளக்கு. பஸ் போன பிறகு டீசல் நாற்றமும் தவளைச் சத்தமும்தான் மிச்சம்.

அவளைப் புருஷன்தான் வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறான். அடிதடி இல்லை, சண்டை இல்லை. வீட்டில் ஒரு சத்தம் வருகிறது. அவள் இருந்தால் வருகிறது, இல்லாவிட்டால் வரவில்லை. அதற்காக அனுப்பினான்.

சிரிக்காதே கமலா. அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் தள்ளி வை, காற்றில் அணையப் போகிறது. கரண்ட் வருகிற வரைக்கும் லிஃப்ட் ஓடாது, வீட்டுக்குள்ளே புழுக்கம் தாங்காது. எல்லோரும் இப்படி காரிடாரிலேயே நெருங்கி உட்காருங்கள். கேட்டுவிட்டு, பாத்ரூமுக்குத் துணைக்கு வா அக்கா என்று என் கதவைத் தட்டினால் மட்டும் நடக்கிறது வேறு.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறாளே பிலோமினா, அவள் அண்ணன் வீட்டில் நடந்தது. போன வருஷம், எண்பத்தெட்டில், கிறிஸ்மஸுக்கு முன்னால். அண்ணன் பேர் எட்மண்ட். தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பிளாக்கில் வீடு. வாரநாளில் ஆபீசில் படம் வரைகிற வேலை, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆர்கன். கிராஞ்சி ரோட்டில் இறங்கினாளே, அந்தோனியம்மாள், அவள்தான் அவன் மனைவி.

அந்தோனியம்மாள் பாடினால் கோவிலில் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும் என்பாள் பிலோமினா. அந்தக் குரலை ஒரு கேசட்டாகப் போட வேண்டும் என்பதுதான் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஆசை. மாதா பாட்டுகள், எட்மண்டே மெட்டுப் போட்டது, எல்லாம் அவள் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அதற்காக வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். அது கீபோர்டை வாசிக்க வைக்கும்... தபேலா, புல்லாங்குழல், வயலின், எல்லாம் அதிலேயே வரும். அதை டேப் மெஷினில் ஒரு பக்கம் பதிந்துகொண்டு, மைக் வைத்துக் குரலை இன்னொரு பக்கம் பதிய வேண்டும். எல்லாம் தயார். அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன். உயிர் தப்பியது. குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

சரி, கேசட்டை விட்டுவிடுவான் என்று நினைக்கிறீர்களா? இந்த ஆம்பளைகளைத் தெரியாதா! மதலேனா என்று ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். கிண்டர்கார்டன் டீச்சர். சின்ன வயசு. நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். முன்னறையில் அவள் பாடுவாள். அடுக்களையில் அந்தோனியம்மாள் மைலோ கலக்குவாள். குரல் திரும்பாதா என்று அதிமதுரத்தை மென்றுகொண்டே இருப்பாளாம், அடுக்களை முழுக்க அந்த இனிப்பு வாடை.

ஒரு நாள் தட்டில் மைலோவை எடுத்துக்கொண்டு வருகிறாள். எட்மண்ட் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, அவள் முகத்துக்கு நேராகவே சொல்கிறான்.

"அப்படியே நீ பாடுற மாதிரியே இருக்கு, அந்தோனி. இன்னும் சொன்னா... உன்னைவிட நல்லாவே இருக்கு லா."

அவள் கப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம். கேட்ட எனக்கே பொறுக்கவில்லை. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? பொறாமைதான், வேறென்ன? தன் புடவையை இன்னொருத்தி கட்டிக்கொண்டு தன் வீட்டு நடுக்கூடத்தில் நின்றால், வாம்மா வா என்று வெற்றிலை பாக்கு வைக்கவா முடியும்? நானாக இருந்தால் அந்த மைலோவை மெஷின் தலையிலேயே ஊற்றியிருப்பேன்.

அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

கிர்ர்... கிர்ர்... டப்.

காய்ந்த ஓலையைக் காலால் மிதித்த மாதிரி. மதலேனா பாடுகிறபோது, குரல் பதிகிற பக்கத்தில் மட்டும். நேரில் கேட்டால் பாட்டு சுத்தமாக இருக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால்... கிர்ர்.

எட்மண்ட் வயரை மாற்றினான். மைக்கை மாற்றினான். பிளக்குகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். கம்ப்யூட்டர் திரைதான் காரணம் என்று அதைச் சுவர் ஓரத்துக்குத் தள்ளினான். ஃபிரிட்ஜை அணைத்தான், டியூப்லைட்டை அணைத்தான், ஃபேனையும் அணைத்துவிட்டு வேர்வையில் நனைந்துகொண்டு பதிந்தான். கிர்ர்... டப். அதுவரை எடுத்த பாட்டெல்லாம் பாழ். கிறிஸ்மஸ் நெருங்குகிறது, கோவிலில் எல்லோரும் கேசட் எங்கே எங்கே என்கிறார்கள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நூருல் அமீனைக் கூப்பிட்டான். ஜாலான் புசாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. தான் பார்க்காத மெஷின் சிங்கப்பூரிலேயே இல்லை என்பான்.

"இதெல்லாம் ஒரு விஷயமா அண்ணே? ஒவ்வொண்ணா கழட்டுவோம். எதைக் கழட்டினா சத்தம் நிக்குதோ, அதுதான் கோளாறு. அவ்வளவுதான்."

ஒவ்வொன்றாகக் கழற்றினான். கம்ப்யூட்டர் மட்டும் வாசித்தால் சத்தம் இல்லை. மைக்கில் அவனே பாடிப் பார்த்தான், கழுதைக் குரல், ஆனால் சத்தம் இல்லை. மதலேனா பாடினால் கிர்ர். மத்தியானம் முழுக்க இப்படியே போயிற்று. நடுவில் மல்லித்தழை வாங்க அந்தோனியம்மாள் மார்க்கெட்டுக்கு இறங்கினாள்... சத்தம் நின்றுவிட்டது. ஆகா, சரியாகிவிட்டது என்று நூருல் அமீன் தோளைத் தட்டிக்கொள்கிறான். மதலேனா பாடிக்கொண்டிருக்கிறாள். வெளியே லிஃப்ட் கதவு திறக்கிற ஓசை. செருப்புச் சத்தம் காரிடாரில் வருகிறது.

கிர்ர்... கிர்ர்...

"அக்கா," என்றான் நூருல் அமீன், "இன்னொரு தடவை கீழே போயிட்டு வாங்களேன்."

போனாள். நின்றது. வந்தாள். கிர்ர்.

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். "கோளாறு அக்காதான் அண்ணே! கழட்டி வெச்சிடுங்க!" மதலேனாகூடச் சிரித்துவிட்டாள். எட்மண்ட் சிரிக்கவில்லை. அந்தோனியம்மாளும் சிரிக்கவில்லை. அவள் மதலேனாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் சனிக்கிழமை. எட்மண்ட் பெண்டாட்டியிடம் சொன்னான், "கிராஞ்சில உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாயேன். ஞாயித்துக்கிழமை ஒரு பாட்டையாவது சுத்தமா எடுத்துடுறேன். சத்தம் நின்னுடுச்சுன்னா கூப்பிடுறேன்." பாவி! பத்து வருஷம் குடித்தனம் பண்ணினவளை, பழுதான வயரைக் கழற்றி வைக்கிற மாதிரி கழற்றி வைத்தான். என்ன மனக்கஷ்டம் உனக்கு என்று ஒரு வார்த்தை கேட்டானா?

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், காற்றுக் குரலில். "எந்தப் பாட்டு?"

"மாதா தாலாட்டு."

அதுதான் அவளுக்கென்று அவன் போட்ட முதல் மெட்டு. அவள் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஞாயிறு. மத்தியானம் மூன்று மணி. பட்டப்பகல், கீழே தேக்காவில் ஜே ஜே என்று கூட்டம். கல்யாணமாகாத பெண் தனியாக வரக்கூடாது என்று பிலோமினாவையும் துணைக்கு வரச் சொல்லியிருந்தான். ஜன்னல்களைச் சாத்தினார்கள். கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்தார்கள். மதலேனா பாட ஆரம்பித்தாள்.

சத்தம் இல்லை.

சுத்தம். டேப் ஓடுகிற இரைச்சல்கூடக் கேட்கவில்லை என்கிறாள் பிலோமினா. முதலில் அவளுக்கும் சந்தோஷம். அப்புறம்தான் கவனித்தாள்... ஒவ்வொரு வரி முடிந்ததும் மதலேனா தண்ணீர் குடிக்கிறாள். தொண்டையைத் தடவிக்கொள்கிறாள். மறுபடி பாடுகிறாள், மறுபடி தண்ணீர். அறைக்குள் ஒரு வாடை. இனிப்பாக... அதிமதுர வாடை. அடுக்களையில் யாரும் இல்லை. அடுப்பு பற்ற வைக்கவே இல்லை.

அதே மத்தியானம் கிராஞ்சியில் அந்தோனியம்மாள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அவள் அக்கா பிற்பாடு சொன்னாள். வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாளாம். கண்ணை மூடியிருக்கிறாள். வாயில் ஒன்றும் இல்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக எதையோ விழுங்கிக்கொண்டிருக்கிறாள்... ஒரு வாய், நிறுத்துவாள். இன்னொரு வாய், நிறுத்துவாள். ஜெபம் பண்ணுகிறாள் போல என்று அக்கா பேசாமல் இருந்துவிட்டாள்.

இங்கே பாட்டு முடிந்தது. எட்மண்ட் டேப்பைத் திருப்பி ஓட்டிக் கேட்டான். தேன். ஒரு கிர்ர் இல்லை. அவன் மூஞ்சியெல்லாம் பல்.

"பிரமாதம் மதலேனா! சூட்டோட சூடா அடுத்த பாட்டையும் எடுத்துடலாம். பாடும்மா."

மதலேனா வாயைத் திறந்தாள்.

கிர்ர்... கிர்ர்ர்... டப்.

எட்மண்ட் சட்டென்று மைக் வயரைப் பிடுங்கினான். பிளக்கைப் பிடுங்கினான். கம்ப்யூட்டர் திரை இருண்டது, டேப் நின்றது. அந்த அறையில் கரண்டில் ஒரு சாமான்கூட ஓடவில்லை.

கிர்ர்... கிர்ர்ர்...

மைக்கில் இல்லை. அவள் தொண்டையிலிருந்து வருகிறது. அந்தப் பெண் "அங்கிள்" என்று கூப்பிடப் பார்க்கிறாள், உதடு அசைகிறது தெரிகிறது... வெளியே வருவது அந்தச் சத்தம்தான். இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறாள். கண்ணிலிருந்து பொல பொலவென்று கொட்டுகிறது.

அப்போது போன் அடித்தது.

பிலோமினாதான் எடுத்தாள். பிலோமினாவை உங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை காதில் விழுந்த குரலை அவள் மறக்க மாட்டாள், எங்கள் ஆபீசிலேயே அப்படி ஒரு காது கிடையாது. அவள் ஹலோ என்றாள். கடைப் போனில் காசு விழுகிற ஓசை கேட்டது. அப்புறம் குரல்.

மதலேனாவின் குரல்.

கண்ணுக்கு எதிரே அவள் சுவரோரம் நிற்கிறாள். இங்கே காதுக்குள், அவளுடைய அதே குரல், பளிங்கு மாதிரி, சிரித்துக்கொண்டே பேசுகிறது.

"பிலோ, நான் அண்ணி பேசறேன். சத்தம் நின்னுடுச்சா? நின்னுடுச்சுன்னா நான் வீட்டுக்கு வரேன். மிச்சப் பாட்டையெல்லாம் நானே பாடிடறேன்னு அண்ணன்கிட்ட சொல்லு."